டெரிக் மீதான தடை

"தம்பி, எங்க டெரிக்மேல தடை போட்டிருக்கீங்களே, அந்த விஷயத்துல நீங்கதான் மனசு வைக்கணும்."

கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நைஜல் பீஸ்லி நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் ஒழுங்கு நடவடிக்கைகள் அவர் பொறுப்பு. எந்த ஊர் மைதானத்தில் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று வாரம் முழுக்கப் படிப்பதுதான் பிழைப்பு. அதனால் வெள்ளிக்கிழமையின் அருமை அவருக்குத்தான் தெரியும்.

வாசலில் நின்றவர் லோர்னா ஹேக்கெட். ஸ்டோபி கிராமத்து அணியின் செயலாளர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தலையெல்லாம் மழை ஈரம், கையில் ஒரு கேக் டப்பா. அந்த அணியின் மேனேஜர் டெரிக் அவருடைய கணவர்.

"உக்காருங்க மிஸஸ் ஹேக்கெட். கேக்கை மட்டும் என் மேசைமேல வைக்காதீங்க, அப்புறம் லஞ்சம்னு பேராயிடும்."

"லஞ்சம் குடுக்கற அளவுக்கு அது நல்லா வரல தம்பி. நடுவுல அமுங்கிப்போச்சு."

நைஜலுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். 'ஆளை நேரில் பார்த்தால் இளகிவிடுகிறாய்' என்று மேலதிகாரி போன மாதம்தான் அவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் அந்த ரெஃபரியை என்ன சொன்னார்னு தெரியுமா?"

"பக்கத்துலதானே நின்னேன். உங்க வீட்டு நாய்கிட்ட விசிலைக் குடுத்திருந்தா அது இன்னும் ஒழுங்கா ஊதியிருக்கும்னாரு."

"அது வெறும் ஆரம்பம். மிச்சத்தை விசாரணைக் கமிஷன்ல வாசிச்சப்ப வாசிச்சவருக்கே காது சிவந்துபோச்சு. ரெஃபரி யாரு? சின்னப் பொண்ணு, இப்பதான் பாஸ் பண்ணி வந்திருக்கா. இனிமே ஆளை விடுங்கன்னு இங்க வந்து அழுதா. இப்படி ஒவ்வொருத்தரா ஓடிட்டா ஞாயித்துக்கிழமை மேட்ச் எல்லாம் யாரு நடத்தறது? நானா?"

"தப்புதான் தம்பி, நான் இல்லேங்கல. அந்தப் பொண்ணு வீடு தேடிப் போய் நானே மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்கல."

நைஜல் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார். மன்னிப்புக் கேட்க வீடு தேடிப் போன கிளப் செயலாளரை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"சரி, இப்ப என்ன அவசரம்?"

"நாளன்னிக்கு சீசனோட கடைசி மேட்ச். மார்ஷ்டனோட ஆடறோம். தோத்தா கீழ் டிவிஷனுக்குப் போயிடுவோம். அங்க போனா நம்ம பசங்க ஒருத்தனும் நிக்கமாட்டான். மார்ஷ்டன்காரன் இப்பவே வந்து வலை வீசறான். அப்புறம் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான்."

லோர்னா கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தப் பசங்க ஜெர்சியைத்தான் தோய்ச்சுக் காயப்போடறேன்."

பள்ளி நாட்களில் நைஜல் ஆடிய அணியும் இப்படித்தான், ஆட ஆளில்லாமல் ஒரு கோடையில் காணாமல் போனது. அந்த மைதானத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். அந்தப் பக்கம் போனாலே அவருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

"டெரிக் எப்படி இருக்காரு?" என்றார் மெல்ல.

"எப்படி இருப்பாரு? மேட்ச் நேரத்துல மைதானத்துப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டீங்க. சமையலறையில உப்பு டப்பா, மிளகு டப்பா, முட்டையெல்லாம் அடுக்கி வச்சுக்கிட்டு, நீ முன்னால போ, நீ பின்னால வான்னு அதுங்களை விரட்டிட்டிருக்காரு. ரெண்டு முட்டை உடைஞ்சு போச்சு."

"பாவம்தான். ஆனா கமிஷன் போட்டது போட்டதுதான் மிஸஸ் ஹேக்கெட். ஒரு நாள்கூட மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது."

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி. கமிஷன் தலைவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாரா? ஒரு கிளப்போட உசுரு இது."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். அது கிடைக்காமல் கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் நைஜலால் தாங்க முடியவில்லை. மேலதிகாரி திட்டினால் திட்டட்டும் என்று மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்து கணினியை உயிர்ப்பித்துத் தட்டினார்.

"தலைவர்கிட்ட பேசறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது, ஆனா பேசறேன். இருங்க, தேதியைப் பார்த்துக்கறேன். ஹேக்கெட்... டெரிக் ஹேக்கெட்..."

திரையைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தார். மனுஷி தேதியைக்கூடச் சரியாகப் பார்க்காமல் மழையில் ஓடி வந்திருக்கிறாரே!

"மிஸஸ் ஹேக்கெட், நாம யாரையும் கெஞ்சவே வேணாம்! தடை நாளையோட முடியுது. ஞாயித்துக்கிழமை உங்க டெரிக் தாராளமா மைதானத்துக்கு வரலாம். தொண்டை கிழியக் கத்தலாம்!"

லோர்னாவின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"அது தெரிஞ்சுதானே தம்பி பதறி ஓடி வந்திருக்கேன். இவர் வந்து நின்னு கத்தாத இந்த ஆறு வாரமா பசங்க ஒரு மேட்ச்கூடத் தோக்கல. தடையை இன்னும் ஒரே ஒரு வாரம் நீட்டிக் குடுத்துடுங்க. சங்கம் தடையை நீட்டப்போகுதுன்னு நம்பி இவர் வெளிய கார்லதான் உக்காந்திருக்காரு, 'உங்களுக்காக எவ்வளவோ அழுது பார்த்தேன், அந்தக் கல்நெஞ்சுக்காரன் இரங்கவே இல்ல'ன்னு நான் சொல்லிக்கறேன்."