நாலு ஸ்குரூ

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் நாலு ஸ்குரூ. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் பெட்டி வரைக்கும் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார் பெரியவர்.

இப்போது பார்த்தால் நாலு கோடும் விலகியிருந்தன.

"கழட்டியிருக்கான்" என்றார், சமையலறையில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி. "அப்டேட் பண்ண வர்றவனுக்கு ஸ்குரூகிட்ட என்ன வேலை?"

"தூசி துடைச்சிருப்பாரு."

"உன் மருமகன் துடைக்கிறதுல கெட்டிக்காரன்தான். உள்ள இருக்கிற சாமானையும் சேர்த்துத் துடைச்சிருப்பான்."

பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்சம் கூடியது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பெரியவர் சொன்னது: "அவன் வாங்கின துரும்புகூட இந்த வாசப்படி ஏறக்கூடாது." இரண்டு வருஷம் முன்பு மருமகன் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று அனுப்பினான். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்.

அவருடைய பெட்டிக்கு வயது பதினாலு. சொந்தச் சம்பாத்தியம். தெருவில் யாருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமானாலும், விண்ணப்பம் போட வேண்டுமானாலும் அவர் வீட்டு முன்னறைக்குத்தான் வருவார்கள். உள்ளே ஃபேன் கொர்ரென்று இரையும். "இந்தச் சத்தத்தை வச்சே இதுக்கு உடம்பு எப்படின்னு சொல்லிடுவேன்" என்பார்.

ஆறு மாசத்துக்கு முன்னால் பெட்டி படுத்துவிட்டது. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், 'உங்கள் சிஸ்டம் பழையது' என்று வந்து நின்றது. வந்தவர்கள் வேறு கடை தேடிப் போனார்கள். முன்னறை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பெரியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் மருமகன் வாசலில் வந்து நின்றான். "பொருள் எதுவும் வேண்டாம் மாமா. அப்டேட் பண்ணினாலே ஓடும். அதுக்குக் கை வேலைதான்."

பெரியவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "கை வேலைன்னா செஞ்சுட்டுப் போகச் சொல்லு."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பையோடு வருவான். அவன் வந்ததும் மனைவிக்குக் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். பெரியவர் திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும். பெட்டி ஓடியது, முன்னைவிட நன்றாகவே. ஆனால் போகும்போதும் அவன் பை புடைத்திருந்தது. அதுதான் அவரை உறுத்தியது.

கோடு விலகியதைப் பார்த்த மறுநாள் காலையில், மனைவி குளிக்கப் போன நேரம், பெட்டியைப் போர்வையில் சுற்றி, சைக்கிளில் கட்டி, மூன்று தெரு தாண்டி இருந்த இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"உள்ள என்னென்ன காணோம்னு பார்த்துச் சொல்லு தம்பி. என் பொண்ணு வாழற வீடுன்னு பார்க்க மாட்டேன். கேட்டுடுவேன்."

மெக்கானிக் திறந்தார். டார்ச் அடித்தார். "உங்க பழைய சாமான் ஒண்ணுகூட இல்ல, பெரியவரே."

"சொன்னேன்ல?"

"போர்டு, மெமரி, டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் புதுசு. நல்ல சாமான். யாரோ பார்த்துப் பார்த்துப் போட்டிருக்காங்க."

பெரியவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "அப்டேட் மட்டும்தான்னு..."

"பதினாலு வருஷத்துப் போர்டுல இந்தப் புது சிஸ்டம் ஏறவே ஏறாதே. பெட்டியும் பட்டனும்தான் உங்களோடது." டார்ச்சை ஓரமாகத் திருப்பினார். "ஆனா இது எதுக்குன்னுதான் புரியல. பழைய ஃபேன் ஒண்ணைத் தனியா ஒயர் இழுத்து மாட்டியிருக்கு. இதுக்கு ஒரு வேலையும் இல்ல. காத்து எதுமேலயும் படல. சும்மா இரையும், அவ்வளவுதான். கழட்டிப் போட்டுடவா?"

"வேண்டாம்" என்றார் பெரியவர். "அது இருக்கட்டும். நீ மூடு."

வீட்டு வாசலில் மனைவி ஈரத் தலையோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. "எங்க தூக்கிட்டுப் போனீங்க?"

"தூசி துடைக்க."

அவர் பெட்டியை முன்னறையில் வைத்து, குனிந்து ஒயரைச் சொருகினார். ஃபேன் கொர்ரென்றது. வெகுநேரம் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். வழக்கம்போல வாசப்படிக்கு வெளியிலேயே நின்று, "மாமா, இன்னிக்கும் சின்னதா ஒரு அப்டேட் இருக்கு" என்றான்.

"ஏங்க, சோப்பு தீர்ந்துபோச்சு" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"போறேன், போறேன்." பெரியவர் செருப்பை மாட்டினார். படி இறங்கியவர், அவன் கையில் இருந்த பையைத் தானே வாங்கி, வாசப்படி தாண்டி உள்ளே வைத்தார்.

"மாப்பிள்ளை" என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

"மாமா?"

"அதுல அந்த ஃபேன் ஒண்ணுதான் இன்னும் பழசா இருக்கு. அதையும் புதுசா வாங்கிப் போட்டுடுங்க."