ஒற்றைச் செருப்பு வீடு

பூங்கா நடைபாதையின் ஓரத்தில், சருகுகள் சேரும் இடத்தில், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் அக்காவும் தங்கையுமாக இரண்டு கருவண்டுகள் குடியிருந்தார்கள். விரல் பக்கம் அக்காவுக்கு, குதிகால் பக்கம் தங்கைக்கு. குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்ததால், மழை வந்தால் தங்கை மட்டும் நனைவாள்.

"இது நியாயமா அக்கா?"

"முதல்ல குடிவந்தது யாருடி?"

தினமும் இதே சண்டை.

ஒருநாள் காலையில் செருப்புக்குச் சொந்தக்காரர் தேடிக்கொண்டு வந்து அதைத் தூக்கினார். கூரை போன வெளிச்சத்தில் வண்டுகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"போச்சுடி, எல்லாம் போச்சு" என்று அழுதாள் அக்கா.

அவரோ அறுந்த வாரைப் பார்த்து முகம் சுளித்தார். செருப்பை அங்கேயே போட்டார். கையோடு கொண்டுவந்திருந்த அதன் ஜோடியையும் பக்கத்தில் வீசிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டும் கவிழ்ந்தே கிடந்தன. புதிதாக வந்த செருப்பில் ஓட்டையே இல்லை. வண்டுகள் அதைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.

"இது உனக்குடி. பழசு எனக்குப் போதும்" என்றாள் அக்கா, பெரிய மனசோடு.

சாயங்காலம் மழை பிடித்தது. பழைய வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லாமல் அக்காவுக்குப் பொழுது போகவில்லை. எழுந்து தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். தங்கை சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள்.

அப்போது நனைந்துகொண்டே ஒரு மரவட்டை வாசலில் வந்து நின்றது.

"பக்கத்து வீடு காலியாத்தானே இருக்கு?"

"இல்லீங்க, அதுல ஆள் இருக்காங்க" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.