நாற்பது பூநாரைகள்

எட்வர்ட் கவனமாகத் துடுப்புப் போட்டார். இன்று எல்லாம் நல்லபடியாக முடிந்தால் மகள் ஜெபாவுக்குக் கம்பெனியில் வேலை தருவதாக மேனேஜர் சந்திரமோகன் வாக்குக் கொடுத்திருந்தார்.

படகில் மேனேஜரோடு, ஆய்வுக்கு வந்த அதிகாரி அன்புசெல்வனும் உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டி கம்பெனியின் கழிவு நீரால் முகத்துவாரத்துக்குப் பறவைகளே வருவதில்லை என்று ஊர்க்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள்.

"அதோ பாருங்க சார், பூநாரை!" என்றார் மேனேஜர்.

அதிகாரி பைனாகுலரில் எண்ணிப் பார்த்தார். தூரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், இளஞ்சிவப்பாக நாற்பது நின்றன.

"இன்னும் கிட்ட போலாமே?"

"வாணாம் சார், பயந்துக்கும்" என்றார் எட்வர்ட்.

"ஒண்ணுகூடத் தலையை அசைக்கலையே?"

"இந்த எடம் அதுங்களுக்கு அவ்ளோ புட்ச்சிப்போச்சு சார். வந்ததுலேர்ந்து சொக்கிப்போய் நின்னுக்கினு கீது."

"எல்லாம் நம்ம கம்பெனித் தண்ணியோட சுத்தம் சார்" என்று மேனேஜர் அடக்கமாகச் சிரித்தார்.

அதிகாரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. புகாரில் உண்மையில்லை என்று படகிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கரையிலிருந்து அவருடைய ஜீப் மறைந்ததுதான் தாமதம், மேனேஜர் பதறினார்.

"எட்வர்ட், ஜெபாவுக்கு வேலை உறுதி. இப்ப ஓடிப்போய் எல்லாத்தையும் பிடுங்கிப் படகுல போடுய்யா!"

"இன்னா சார் அவசரம்? தெர்மாகோல்தானே, எங்க பறந்துபூடப் போவுது?"

"அடுத்த மாசம் இன்னொரு ஆபீசர் வர்றாருய்யா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல நம்ம தண்ணியில பெயிண்ட் தாங்காது!"