அச்சில் உட்கார்ந்தவள்

வேல்ஸ் நாட்டு ஆற்றங்கரையில் புதிதாக எழும்பிய செம்பு உருக்காலை அது. உலை பார்க்க ஜெர்மனியிலிருந்து வந்த யோஸ்டுக்கு உள்ளூர்ப் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கரி சுமக்கும் க்வென்லியனுக்கோ அவன் பாஷை தெரியாது.

அன்று காலை மழையில் கூரை ஒழுகி, செம்பு வார்க்கத் தரையில் செய்து வைத்த மணல் அச்சு நனைந்து கிடந்ததை அவள்தான் பார்த்தாள். ஈரத்தில் பட்டால் உருகிய செம்பு வெடித்துச் சிதறும். முன்பு வேறோர் ஆலையில் அவள் அண்ணனுக்குக் கண் போனது அப்படித்தான். யோஸ்ட் நீண்ட கரண்டியில் செம்பை ஏந்தி வந்துகொண்டிருந்தான்.

“ஊத்தாதீங்க! உள்ளே தண்ணி!”

அவன் சிரித்துத் தலையாட்டியபடியே நெருங்கினான். க்வென்லியன் கூடையைப் போட்டுவிட்டு ஓடி, அச்சுக்குள் சப்பென்று உட்கார்ந்துகொண்டாள். அவன் கத்தினான். அனல் முகத்தைச் சுட்டது. அவள் அசையவில்லை. கடைசியில் அவன் முணுமுணுத்துக்கொண்டே செம்பை உலையிலேயே திரும்பக் கொட்டினான்.

அதன் பிறகே எழுந்து, பாவாடையைத் திரட்டி அவன் முன்னால் பிழிந்தாள். சேற்றுநீர் சொட்டுவதைக் கண்டதும் யோஸ்டின் முகம் வெளுத்துப்போனது. பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

“பொழச்சோம்யா,” என்றாள்.

அவனும் தன் பாஷையில் ஏதோ சொன்னான். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.