ஜோவிட்டாவின் தோசைக்கல்

முட்டை ஓட்டை எங்கே ஒளிப்பது என்பதுதான் ஜோவிட்டாவின் அம்மாவுக்குத் தினமும் பெரும்பாடாக இருந்தது.

குப்பைக் கூடையில் போட்டால் தெரியும். ஜன்னல் வழியே எறிந்தால் காக்கை கவ்விக்கொண்டு வாசலுக்கே வந்துவிடும். இன்று வெங்காயத் தோலுக்குள் வைத்துச் சுருட்டி, பால் பாக்கெட்டுக்குள் திணித்து, அதற்கும் மேல் தேயிலைச் சக்கையைக் கொட்டினாள்.

கொலை செய்தவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

மணி ஏழே முக்கால். எட்டுக்குப் பள்ளிக்கூட ஆட்டோ வந்துவிடும்.

அடித்த முட்டையை மாவில் ஊற்றிக் கலக்கினாள். மிளகுப்பொடியைத் தாராளமாகத் தூவினாள். மிளகு போட்டால் வாடை தெரியாது. ஒரு கேரட்டையும் துருவிப் போட்டாள். மஞ்சளாக இருக்கிறதே என்று மகள் கேட்டால் கேரட் என்று சொல்லிவிடலாம்.

மகள் கேட்டதே இல்லை.

உள்ளறையில் அவள் சீருடையை மாட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றால் இவளுக்குக் கை நின்றது. மறுபடி கேட்டால்தான் கரண்டி நகர்ந்தது.

ஜோவிட்டாவுக்கு ஏழு வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் அப்பாவோடு திரேஸ்புரம் கரைக்குப் போனவள், படகில் கிடந்த விளமீன் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிலிருந்து மீன் இல்லை. அடுத்த வாரம் கறி இல்லை. அதற்கடுத்து முட்டையும் இல்லை.

"கடக்கரையில பொறந்த புள்ளைக்குக் கத்திரிக்கா கேக்குதோ," என்று அப்பன் சிரித்தான். அவனுக்கென்ன, விடியுமுன் கடலுக்குப் போய்விடுவான். சாப்பாட்டு டப்பா கட்டுவது அவனா?

மீன் பொரித்த கல்லில் சுட்ட தோசையை மகள் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். அதனால் அவளுக்கென்றே தனியாக ஒரு தோசைக்கல் வாங்கவேண்டி வந்தது. கடையில் அவளையே பொறுக்க விட்டாள். இதில் மீனும் படாது, முட்டையும் படாது, மாதா மேல் சத்தியம் என்று மகளின் தலையில் கை வைத்துச் சொன்னாள்.

அந்தக் கல்லில்தான் இப்போது தோசை வெந்துகொண்டிருந்தது.

சத்தியம் செய்தபோது பள்ளிக்கூடத்தில் எடை பார்த்திருக்கவில்லை. எடை குறைவு என்று டீச்சர் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியது பிறகுதான். பருப்பைத் துப்புகிறாள். சுண்டலில் நாலே நாலு தின்கிறாள். பாலைக் கண்டால் ஓடுகிறாள். குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டுப்படும். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

மாதாவிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

முட்டை கலக்கத் தொடங்கி இது ஒன்பதாவது நாள்.

மூன்று தோசையைக் கிழித்து டப்பாவில் அடுக்கினாள். நாலாவதைக் கல்லில் ஊற்றினாள். முட்டை கலந்தால் கொஞ்சம் மெத்தென்றுதான் வருகிறது. அதைக் கண்டுபிடிக்கிற வயதா அவளுக்கு?

திரும்பினால் மகள் அடுக்களை வாசலில் நிற்கிறாள்.

எப்போது வந்தாள்?

ஒரு காலில் சாக்ஸ், ஒரு காலில் இல்லை. கையில் இன்னொரு சின்ன டப்பா. அவள் குப்பைக் கூடைப் பக்கம் பார்க்கவே இல்லை. இவள்தான் பார்த்தாள்.

"யம்மா, ஷிவானி வீட்டுல கேஸ் தீந்துட்டாம். அவளுக்கும் ரெண்டு தோச சுட்டு வை."

ஷிவானி வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை. தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவக் குடும்பம். மாவு மொத்தத்திலும் முட்டை. என்ன பொய் சொல்லலாம் என்று தேடுவதற்குள் மகள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"அவளுக்கு முட்ட ஊத்தாத, சரியா? அவ நெசமாவே சாப்புட மாட்டா."

குரலில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. குனிந்து சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னாள்.

கல்லில் தோசை தீய்ந்தது.

எட்டு நாள். ஒவ்வொரு துண்டையும் தெரிந்தே விழுங்கியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். கேட்டால் அவளும் அதையே திருப்பிக் கேட்பாள்.

அடுப்பை அணைத்தாள். மகளின் டப்பாவில் இருந்ததை மொத்தமாகத் தட்டில் கவிழ்த்தாள். மதியத்துக்கு வடித்து வைத்த சோறு இருந்தது. இன்னும் ஆவி பறந்தது. தயிரை ஊற்றி, உப்புப் போட்டு, வெறுங்கையால் பிசைந்தாள். கை சுட்டது. சுடட்டும் என்று பிசைந்தாள். இரண்டு டப்பாவிலும் ஒரே சோற்றை வைத்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

ஜோவிட்டா தன் டப்பாவை எடுத்து உள்ளே பார்த்தாள்.

"இதுல என்னம்மா போட்ருக்க?"

"ஒண்ணும் போடல மக்கா. தயிரும் உப்பும்தான்."

நம்பட்டும் என்று அதிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தானே தின்று காட்டினாள். மென்றபோதுதான் உறைத்தது. முட்டை தின்கிறவள் தின்று காட்டினால் அது எதற்குச் சாட்சி?

மறுபடி ஹாரன்.

"சரிம்மா," என்றாள் மகள். மூடியை அழுத்தி மூடினாள். இரண்டு டப்பாவையும் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

எட்டு நாளும் இதே குரலில்தான் சரி என்றிருக்கிறாள்.