அழிக்காதே!

"சார், என் மேஜையில இருந்த படம் பக்கத்து ரூமுக்குக் கால் முளைச்சா போச்சு?"

இயக்குநரின் அறைக்குள் புயலாக நுழைந்தாள் ரேடியோ பிரிவு அக்கா. பின்னாலேயே எக்ஸ்ரே பிரிவு தம்பி.

"என் படம் இவங்க மேஜையில கிடந்துச்சு சார். அதையும் கேளுங்க!"

இருவரும் கூடப் பிறந்தவர்கள். ஒரே வானியல் ஆய்வு நிலையத்தில் வேலை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பேச்சு நின்று மூன்று மாதம்.

அக்கா ஒருநாள் ரேடியோ படத்தில் ஒரு வளையத்தைக் காட்டி, "வெடிச்சுச் சிதறின நட்சத்திரத்தோட மிச்சம்" என்றாள். "டீ கிளாஸ் வச்ச கறை மாதிரி இருக்கு" என்று நிறைந்த கூட்டத்தில் சொல்லிவிட்டான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் போட்ட வாய்ப்பூட்டு.

"காலையில ரெண்டு ரூமையும் பெருக்கினது யாரு?" என்றார் இயக்குநர்.

கையில் துடைப்பத்தோடு வந்து நின்றார் துப்புரவுப் பணியாளர். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'சுத்தம்மா'.

"நான்தான் சார்."

"எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா?" என்று பாய்ந்தாள் அக்கா.

"இப்படிப்பட்டவங்களை வேலையிலயே வச்சிருக்கக் கூடாது சார்" என்றான் தம்பி.

மூன்று மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சுத்தம்மா வாசல் பக்கம் ஒதுங்கி நின்றார்.

இயக்குநர் பெருமூச்சு விட்டபடி இரண்டு படங்களையும் வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படங்களின் தலையில் இருந்த வான இட எண்ணைப் படித்தார்.

"ரெண்டும் வானத்துல ஒரே இடமா இருக்கே!"

"என்னது?"

கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அக்காவின் வளையத்துக்குள் தம்பியின் கொதிக்கும் வாயு கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்தது.

"இந்தச் சூடு எங்கேருந்து வருதுன்னு தெரியாம மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேனே..." என்றான் தம்பி.

"வெறும் வளையத்தை எவன் நம்புவான்? எக்ஸ்ரேல சூடு தெரியணுமேன்னுதான்டா நான் தவம் கிடந்தேன்!"

அந்த 'டா'வைக் கேட்டுத் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுடுக்கா. அது கறை இல்லை."

"நட்சத்திரத்தோட மிச்சமேதான்! ரெண்டு பேர் பேரையும் போட்டு உடனே ஆய்வுக் கட்டுரை எழுதுங்க" என்று குதூகலித்தார் இயக்குநர். அப்புறம்தான் வாசலில் நிற்பவரின் நினைவு வந்தது.

"உங்க கவனக்குறைவும் நல்லதுக்குத்தான் சுத்தம்மா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா, இனிமே படம் மாறக்கூடாது."

"அது மாறலை சார், நான்தான் மாத்தினேன். ரெண்டு ரூம் போர்டுலயும் ஒரே நம்பரை எழுதி, கட்டம் கட்டி, 'அழிக்காதே'ன்னு போட்டிருக்காங்க. ரெண்டு படத்தோட தலையிலயும் அதே நம்பர். மூணு மாசமா அந்தக் கட்டத்தைச் சுத்திச் சுத்தித் துடைக்கிறேன். அக்காவும் தம்பியும் பேசிக்கிட்டாத்தானே சார், நான் போர்டை முழுசா அழிக்க முடியும்?"