டேப்பில் சிக்கியவள்

“சார், மூணு வீட்டுத் திருட்டுலயும் ஒரே பொம்பளையோட டி.என்.ஏ.தான் இருக்கு” என்றார் தடயவியல் நிபுணர்.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தடயம் எடுக்கத் திருடன் தொட்ட இடத்தில் சாதா டேப்பை ஒட்டி உரித்தாலே போதும், விலை உயர்ந்த பஞ்சுக் குச்சியெல்லாம் தண்டம் என்று மேலதிகாரிகளிடம் வாதாடி ஜெயித்தவர் அவர்.

“பாத்தீங்களாம்மா! அந்தக் கில்லாடி எவளா இருந்தாலும் சரி, இன்னைக்கே கையில விலங்கு மாட்டறேன். நான் யாருக்கும் பயப்படறவன் இல்ல!”

“கொஞ்சம் பொறுங்க சார். இன்னும் எங்கயுமே ஒட்டாத புது டேப்பையும் சோதிச்சுப் பாத்தேன். அதுலயும் அவங்கதான்.”

“அதெப்படி?”

“டேப்பைத் துண்டு துண்டா வெட்டிக் கவர்ல போட்டது யாரு சார்?”

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“என் வீட்டுக்காரி. செலவு மிச்சமாகுமேன்னு நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வெட்ட வச்சேன்.”

“அப்போ விலங்கு வேணாம் சார். இனிமே கையுறை போட்டுக்கிட்டு வெட்டச் சொல்லுங்க, போதும்” என்று ஒரு ஜோடியை நீட்டினார் நிபுணர்.

இன்ஸ்பெக்டர் அதைத் தொடவே இல்லை.

“நீங்களே வீட்டுக்கு வந்து சொல்லிடுங்களேம்மா. நான் ஜீப்லயே உக்காந்திருக்கேன்.”